பிக்கப்புக்கு 33 அங்குல டயர் போடலாமா?

சிங்கப்பூரின் ஈசூனில் குளிரூட்டி பொருத்திப் பராமரிக்கும் சிறு தொழில் நடத்திவரும் வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தை முதலில் தருகிறேன்.

நிறுவனத்தின் பெயரில் நான்கு ஆண்டுகளுக்கு முன்பு வாங்கிய டொயோட்டா ஹைலக்ஸ் இரட்டைக் கேபின் பிக்கப் அவரிடம் உள்ளது. வார நாள்களில் அவரும் அவரிடம் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவரும் அதை மாறி மாறி ஓட்டுகிறார்கள். பின்தளத்தில் கம்ப்ரசரும் செப்புக் குழாய்ச் சுருள்களும் ஏணியும் எந்நேரமும் இருக்கும். பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு மலேசியாவின் குளுவாங், மெர்சிங் பக்கம் போய்வருவார். இப்போது வண்டியில் உள்ளவை 265/65 ஆர் 17 அளவு டயர்கள் (அகலம் 265 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 65 விழுக்காடு, ரிம் 17 அங்குலம்). அவற்றைக் கழற்றிவிட்டு, 33 அங்குலம் என்று பேச்சுவழக்கில் சொல்லப்படும் 285/70 ஆர் 17 அளவு டயர்களை, 9 அங்குல அகலமும் சுழி ஆஃப்செட்டும் (இதைக் கீழே விளக்குகிறேன்) கொண்ட ரிம்களோடு பொருத்த ஆசைப்படுகிறார். ஜோகூர் பாருவில் மைத்துனருக்குத் தெரிந்த கடையில் பயன்படுத்திய செட் ஒன்று பாதி விலைக்கு வந்திருக்கிறது. 300 ரிங்கிட் முன்பணமும் கொடுத்தாயிற்று. “ஆறு துளை ரிம்தான், அப்படியே உட்காரும், சிங்கப்பூரில் ரிம் மாற்ற அனுமதி தேவையில்லை, பரிசோதனைக்குப் போகும்போது பழைய சக்கரத்தை மாட்டிக்கொள்ளுங்கள்” என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். டயர் பெரிதானால் கூடுதல் சுமை ஏற்றலாம், மழையில் பிடிமானமும் கூடும் என்பது வாசகரின் சொந்த எண்ணம். மனைவிக்கு இதில் உடன்பாடில்லை. “செய்யலாமா, செய்தால் எனக்கு என்ன சிக்கல் வரும்?” என்பது கேள்வி.

அன்புள்ள வாசகருக்கு,

உழைத்துச் சம்பாதித்து வாங்கிய வண்டி கம்பீரமாக நிற்க வேண்டும் என்று ஆசைப்படுவதில் தவறொன்றும் இல்லை. விபத்துக்குள்ளான வாகனங்களைக் காப்புறுதிக்காக மதிப்பிடும் பொறியாளனாகப் பல ஆண்டுகள் வேலை பார்த்த எனக்கும் அழகான ரிம் கண்ணில் பட்டால் ஒரு நொடி நின்று பார்க்கத் தோன்றும். ஆனாலும் நீங்கள் குறிப்பிட்டிருக்கும் அந்தச் செட்டை வாங்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை. ரிம்மும் டயரும் மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை; அந்த அளவு, அந்த ஆஃப்செட், உங்கள் வண்டி, அதற்கு நீங்கள் வைத்திருக்கும் வேலை ஆகிய நான்கும் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை.

‘ஆறு துளை’ சொல்வதும் சொல்லாததும்

ஆறு போல்ட்டுகள், அவற்றின் மையங்கள் வழியாகப் போகும் வட்டத்தின் விட்டம் 139.7 மில்லிமீட்டர் என்ற அமைப்பு ஹைலக்ஸுக்கு மட்டும் உரியதன்று. மிட்சுபிஷி டிரைட்டன், ஃபோர்டு ரேஞ்சர் போன்றவற்றிலும் அதே அமைப்புதான். ஆனால் ரிம்மின் நடுவில், சக்கரத்தைத் தாங்கும் ஹப் நுழையும் துளையின் அளவு வண்டிக்கு வண்டி வேறுபடும். ஹைலக்ஸின் ஹப் ஏறக்குறைய 106 மில்லிமீட்டர். வேறொரு வண்டிக்காகச் செய்த, துளை சிறிய ரிம் இதில் ஏறவே ஏறாது. துளை மிகப் பெரிதாக இருந்தால் ஏறும், ஆனால் சரியான மையத்தில் உட்காராமல் வேகத்தில் ஸ்டியரிங்கை நடுங்க வைக்கும். நட்டுகளிலும் கவனம் வேண்டும். டொயோட்டாவின் அலாய் ரிம்கள் பலவற்றுக்குத் தட்டையான வாஷர் கொண்ட நட்டு. வெளிச்சந்தை ரிம்களில் பெரும்பாலானவற்றுக்குக் கூம்பு வடிவ நட்டு. பழைய நட்டைப் புதிய ரிம்மில் முறுக்கினால் முறுகியது போலவே தோன்றும், ஆனால் உண்மையில் பிடிப்பு இருக்காது. சக்கரம் கழன்று ஓடிய வண்டிகளை நான் பரிசோதித்தபோது, இந்தப் பொருத்தமின்மையையே முதலில் தேடுவேன்.

இனி அளவுக்கு வருவோம். உங்கள் இப்போதைய டயரின் முழு விட்டம் 776 மில்லிமீட்டர். வாங்க நினைப்பது 831 மில்லிமீட்டர். வித்தியாசம் 7 விழுக்காடு. வண்டி அதில் பாதி, அதாவது 27 மில்லிமீட்டர், உயரும். கண்ணுக்குத் தெரியும் உயர்வு அவ்வளவுதான். மீதிப் பாதி மேலே, மட்கார்டுக்குள் இடம் தேடும். காலி வண்டியை நேராக நிறுத்திப் பார்த்தால் இடம் இருப்பதாகத்தான் படும். பின்தளத்தில் சுமை ஏறி ஸ்பிரிங் அமுங்கியபோதும், ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்துப் பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் சரிவில் திரும்பும்போதும் டயர் உள்பக்கப் பிளாஸ்டிக்கை உரசும். உரசல் சத்தம் கேட்டால் தொல்லை. சத்தமே கேட்காமல் டயரின் பக்கச்சுவர் தேய்ந்துகொண்டிருந்தால் அபாயம்.

ஆஃப்செட் என்பது ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது ஹப்பில் ஒட்டும் முகத்துக்கும் உள்ள இடைவெளி. உங்கள் பழைய ரிம் 30 மில்லிமீட்டர் ஆஃப்செட் கொண்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அதைச் சுழியாக்கினால் சக்கரம் முழுவதுமாக 30 மில்லிமீட்டர் வெளியே நகரும். புதிய டயர் 20 மில்லிமீட்டர் அகலம் கூடியது என்பதால் பக்கத்துக்கு இன்னொரு 10 சேரும். ஆக, ஒவ்வொரு பக்கமும் 40 மில்லிமீட்டர் வெளியே வரும். பேரிங்குகளின் மீதும் ஸ்டியரிங் மூட்டுகளின் மீதும் விழும் நெம்புவிசை கூடும் என்பது பொறியியல் பார்வை. சட்டத்தின் பார்வை அதைவிட எளிது.

சட்டம் எங்கே நிற்கிறது

ரிம், டயர் மாற்ற நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டியதில்லை என்று கடைக்காரர் சொன்னது பாதி உண்மை. சக்கரம் மட்கார்டைத் தாண்டி வெளியே துருத்தக்கூடாது. டயர் அந்த ரிம்முக்கும் வண்டியின் எடைக்கும் வேகத்துக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும். இந்த எல்லைக்குள் இருக்கும் மாற்றத்துக்குத்தான் முன் அனுமதி தேவையில்லை. 40 மில்லிமீட்டர் வெளியே தள்ளப்பட்ட சக்கரம் அந்த எல்லையைத் தாண்டிவிடும். துருத்துவதை மறைக்க மட்கார்டை அகலப்படுத்துவது, உரசாமல் இருக்க ஸ்பிரிங்கை உயர்த்துவது என்று அடுத்தடுத்து யோசனைகள் வரும். அவை ஒவ்வொன்றும் தனி மாற்றம், ஒவ்வொன்றுக்கும் பொருளை வாங்குவதற்கு முன்பே ஆணையத்திடம் எழுத்தில் கேட்டுப் பதில் பெற வேண்டும். சட்டத்துக்குப் புறம்பான மாற்றத்துக்கு அபராதமும் சிறைத் தண்டனையும் உண்டு. மாற்றிக் கொடுத்த பட்டறை எல்லைக்கு அப்பால் இருக்கும்போது, இங்கே பதில் சொல்ல மிஞ்சுபவர் வண்டி யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவர்தான்.

பரிசோதனைக்கு முன் பழைய சக்கரத்தை மாட்டிக்கொள்ளும் யோசனையை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். இலகு சரக்கு வாகனம் என்பதால் உங்கள் பிக்கப் பத்து வயது ஆகும்வரை ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போகிறது. அந்த ஒரு காலைப்பொழுதைச் சமாளித்துவிட்டால் போதும் என்பது கணக்கு. ஆனால் விதி பொருந்துவது பரிசோதனை நிலையத்தின் வாசலில் மட்டும் இல்லை. ஆண்டின் மற்ற நாள்களிலும், சாலையோரத்தில் அதிகாரி கைகாட்டி நிறுத்தும் எந்த இடத்திலும் அது பொருந்தும். இன்னொன்றும் உண்டு. விபத்துக்குப் பிறகு, பரிசோதனையின்போது இருந்த சக்கரம் ஒன்று, நொறுங்கிக் கிடக்கும் வண்டியில் உள்ள சக்கரம் வேறு என்று தெரிந்தால், அறியாமல் செய்துவிட்டேன் என்ற ஒரே தற்காப்பும் உங்கள் கையைவிட்டுப் போய்விடும்.

கூடுதல் சுமை ஏற்றலாம் என்ற எண்ணம்

இதை நீங்கள் அறவே கைவிட வேண்டும். உங்கள் இப்போதைய டயரின் பக்கச்சுவரில் அளவுக்குப் பக்கத்தில் 112 என்று இருந்தால், ஒரு டயர் 1,120 கிலோகிராம் தாங்கும் என்று பொருள். நான்கும் சேர்ந்து 4,480 கிலோகிராம். இலகு சரக்கு வாகனத்தின் சுமையோடு சேர்ந்த உச்ச எடையோ 3,500 கிலோகிராமுக்கு மேல் போகக்கூடாது. ஆகவே உங்கள் சுமைக்குத் தடையாக இருந்தது டயர் அன்று. சட்டகம், ஸ்பிரிங், அச்சு, பிரேக் ஆகியவையே தடை. வண்டியின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் உச்ச எடை எந்த டயரைப் போட்டாலும் ஒரு கிலோகூட ஏறாது. மாறாக, ஒவ்வொரு சக்கரமும் 8 கிலோ கனம் கூடினாலே நான்குக்கும் 32 கிலோ உங்கள் சுமைக் கணக்கிலிருந்து கழியும். ஒரு நாள் வேலைக்கான செப்புக் குழாய் அளவு அது.

ரிம் தாங்கும் எடையை யாரும் கேட்பதில்லை, நீங்கள் கேளுங்கள். நல்ல ரிம்மின் உள்பக்கத்தில் அது வார்ப்பிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். பின் அச்சுக்கு அனுமதித்த எடையை இரண்டால் வகுத்து வரும் எண்ணுக்குக் குறைவான ரிம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். ஜப்பானியத் தர முத்திரைகளில் ஜேடபிள்யூஎல் என்பது பயணிகள் காருக்கானது. சரக்கு வாகனத்துக்கும் பேருந்துக்கும் உரியது ஜேடபிள்யூஎல்-டி. கடைசியில் ஒட்டியிருக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம்.

மழை, பிரேக், வேகமானி

சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. உங்கள் டயர் பெரும்பாலும் சந்திக்கப்போவது சேற்றை இல்லை, நனைந்த தார்ச்சாலையை. பெரிய கட்டைகளும் அகன்ற இடைவெளிகளும் கொண்ட சேற்றுப் பாதை டயர், தார்ச்சாலையில் குறைந்த பரப்பையே தொடுகிறது. ஈரத்தில் நிறுத்தத் தேவையான தூரம் சாலை டயரைவிட அதில் பொதுவாக நீளும். ஒரே எடை அகலமான டயரின் மீது பரவும்போது நீரின் மேல் மிதந்து வழுக்கும் வாய்ப்பும் கூடுகிறது. பின்தளம் காலியாக இருக்கும் பிக்கப்பின் பின்சக்கரங்களுக்கு இது இன்னும் பொருந்தும். அதோடு, விட்டம் கூடிய சக்கரத்தில் அதே பிரேக் அழுத்தத்துக்குச் சாலையில் கிடைக்கும் விசை ஏறக்குறைய 6.5 விழுக்காடு குறையும். இழுவையும் அதே அளவு குறையும் என்பதால் புறப்பாட்டில் வண்டி சோம்பலாகத் தோன்றும்.

வேகமானி சக்கரம் எத்தனை முறை சுற்றுகிறது என்பதைத்தான் எண்ணுகிறது. அதன் சுற்றளவு கூடியது அதற்குத் தெரியாது. முள் 70-ஐக் காட்டும்போது உண்மையான வேகம் 75-ஐ நெருங்கும். தயாரிப்பாளர்கள் வேகமானியைச் சற்றுக் கூட்டிக் காட்டும்படிதான் அமைக்கிறார்கள். உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக்கூடாது என்பது அனைத்துலக விதி. பெரிய டயர் அந்தப் பாதுகாப்பு இடைவெளியைத் தின்றுவிடும். உங்கள் வண்டியின் பின்புறத்தில் 70 என்ற வில்லை ஒட்டியிருக்கிறது. விரைவுச்சாலையில் உங்கள் வரம்பு அதுதான், பக்கத்தில் போகும் காருக்குரிய 90 உங்களுக்கு இல்லை. வேகவரம்பை மீறுவதற்கான அபராதமும் குற்றப்புள்ளிகளும் 2026 ஜனவரி முதல் உயர்த்தப்பட்டுள்ளன. ஓடிய தூரமும் இதேபோல் ஏறக்குறைய 6.5 விழுக்காடு குறைவாகப் பதிவாகும் என்பதால் எண்ணெய் மாற்றும் கணக்கும் தவறும். வண்டி டீசல் அதிகம் குடிப்பதாக நீங்கள் பின்னர் வருந்தினால், அதில் ஒரு பகுதி வெறும் மாயக்கணக்காக இருக்கும்.

காப்புறுதியும் உங்கள் ஊழியரும்

கடிதத்தில் நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன இந்த விஷயமே எனக்கு முதன்மையாகப் படுகிறது. அந்த வண்டியை நீங்கள் மட்டும் ஓட்டவில்லை.

வண்டியில் செய்த மாற்றத்தைக் காப்புறுதி நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது மோட்டார் காப்புறுதி ஒப்பந்தங்களில் வழக்கமான நிபந்தனை. தெரிவிக்காமல் விட்டால், உங்கள் சொந்த வண்டியின் சேதத்துக்கான கோரிக்கை நிராகரிக்கப்படலாம். அடிபட்ட மூன்றாம் நபருக்கு இழப்பீடு கிடைக்கச் சட்டம் வழிசெய்திருக்கிறது. ஆனால் அவருக்குக் கொடுத்த பணத்தைக் காப்புறுதி நிறுவனம் பின்னர் உங்களிடம் திரும்பக் கேட்கும் நிலை வரலாம் என்பதைப் பலரும் அறிவதில்லை. காப்புறுதி இருக்கிறதே என்று எண்ணி நிம்மதியாக இருந்த முதலாளிகள், அப்படியொரு கடிதம் கையில் வந்த பிறகு என் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஊழியரை எண்ணிப் பாருங்கள். டயரைத் தேர்ந்தெடுத்தவர் அவரில்லை. வண்டி மாறியிருக்கிறது, பிரேக் மிதித்தபின் வண்டி நிற்கும் தூரம் மாறியிருக்கிறது, முள் காட்டும் எண் மாறியிருக்கிறது என்று யாரும் சொல்லாமலே காலை ஏழு மணிக்குச் சாவியை வாங்கிக்கொண்டு போவார். வேகத்துக்கான குற்றப்புள்ளிகள் அவருடைய உரிமத்தில் ஏறும். வேலை நேரத்தில் அவரால் நேரும் விபத்துக்கு உங்கள் நிறுவனம் பொறுப்பேற்க வேண்டிவரும். பாதுகாப்பான கருவியை ஊழியரின் கையில் கொடுப்பது வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படியும் முதலாளியின் கடமை. உங்கள் மனைவி சொல்லும் காரணம் எதுவென்று நீங்கள் எழுதவில்லை. செலவுதான் காரணம் என்று நீங்களாகவே முடிவுகட்டிவிட்டதாகத் தோன்றுகிறது. ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

அப்படியானால் எதை வாங்கலாம்?

உங்கள் ஆசைக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. முதலாவது, இப்போதுள்ள 17 அங்குல ரிம்களையே வைத்துக்கொண்டு, அதே 265/65 அளவில், சாலைக்கும் மண்பாதைக்கும் பொதுவான டயர்களை வாங்குவது. குளுவாங் தோட்டத்துச் செம்மண் பாதைக்கு அது தாராளமாகப் போதும். பக்கச்சுவரின் முரட்டு வடிவம் தோற்றத்தையும் மாற்றிக்காட்டும். ஈரச் சாலையில் நிற்கும் திறனுக்கு நல்ல தரக்குறியீடு பெற்றதாகப் பார்த்து எடுங்கள்.

இரண்டாவது, புதிய ரிம்தான் வேண்டும் என்றால், 18 அங்குலத்தில் 8 அங்குல அகலமும் 30 ஆஃப்செட்டும் கொண்டதை எடுத்து 265/60 ஆர் 18 டயர் போடுவது. அதன் விட்டம் 775 மில்லிமீட்டர். பழையதற்கும் அதற்கும் ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். வேகமானி பிசகாது, டயரின் அகலமும் நடுக்கோடும் மாறாததால் வெளியே துருத்தும் பேச்சுக்கே இடமில்லை. ஹைலக்ஸின் உயர்ரக வகைகளில் தயாரிப்பாளரே இந்த அளவைப் போட்டு விற்றிருக்கிறார் என்பது காப்புறுதி நிறுவனத்திடமும் பரிசோதனை நிலையத்திலும் உங்களுக்குக் கைகொடுக்கும். இவற்றுக்கு நடுவே 265/70 ஆர் 17 என்ற மூன்றாவது அளவை யாராவது சிபாரிசு செய்வார்கள். விட்டம் 803, அதாவது 3.4 விழுக்காடு கூடுதல். நான் தவிர்ப்பேன், சுமை ஏற்றிய வண்டியில் ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுவதும் ஒடித்து அளந்து பார்க்காமல் அதைப் போடவே கூடாது. ரிம்முக்கும் ஹப்புக்கும் நடுவே ஸ்பேசர் என்ற தட்டை வைத்துச் சக்கரத்தை வெளியே தள்ளும் யோசனை எந்த அளவோடு வந்தாலும் மறுத்துவிடுங்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஸ்பேர் டயரையும் நினைவில் வையுங்கள். நீங்கள் முதலில் நினைத்த 831 மில்லிமீட்டர் டயர்களில் ஒன்று மெர்சிங் சாலையில் வெடித்திருந்தால், 776 மில்லிமீட்டர் ஸ்பேரைப் பின்னால் மாட்டி ஓட்டியிருப்பீர்கள். இரண்டு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற, இரு பக்கச் சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பின் டிஃபரன்ஷியல் வழிநெடுகச் சூடாகியிருக்கும். நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டிருந்தால் சேதம் இன்னும் பெரிது. மேலே சொன்ன இரு வழிகளிலும் ஸ்பேரின் விட்டம் பொருந்திவிடுகிறது.

முன்பணத்தைப் பொறுத்தவரை, ரிம்மின் ஹப் துளை அளவும் தாங்கும் எடையும் டயரின் தயாரிப்பு வாரமும் எழுத்தில் வேண்டும் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 3219 என்றால் 2019-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரம். டயர் பள்ளங்களின் ஆழம் 1.6 மில்லிமீட்டர் என்ற சட்ட அளவைத் தாண்டி எவ்வளவு இருந்தாலும், பழுத்து இறுகிப்போன ரப்பர் மழையில் உதவாது. கேட்ட விவரங்களைத் தர முடியவில்லை என்று அவர் சொன்னால், பொருளைச் சரியாக விவரிக்கவில்லை என்ற காரணத்தைச் சொல்லிப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். மைத்துனர் நடுவில் இருப்பதால் நயமாகவே பேசுங்கள். பணம் திரும்பாவிட்டாலும் அந்த 300 ரிங்கிட்டை மீட்பதற்காக மீதித் தொகையைக் கட்டிவிடாதீர்கள்.

புதிய சக்கரங்களை இங்கேயே ஒரு பட்டறையில் பொருத்துங்கள். ரசீதில் ரிம், டயர் அளவுகளை எழுதி வாங்கி, அதன் நகலை அன்றே காப்புறுதி நிறுவனத்துக்கு அனுப்பி, ஏற்றுக்கொண்டதாக எழுத்தில் பதில் பெறுங்கள். நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் முறுக்கி அப்படியே விட்டுவிட அனுமதிக்காதீர்கள். தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு, முறுக்குவிசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால் முறுக்கச் சொல்லுங்கள். 100 கிலோமீட்டர் ஓடியதும், அன்று யார் ஓட்டினாலும், மறுபடி பட்டறைக்குக் கொண்டுபோய் ஆறு நட்டுகளையும் நான்கு சக்கரங்களிலும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.